டேங்கை நிரப்பிவிட்டுப் போங்க, தம்பிகளா



திருப்பூர், சென்னை, சவூதி, துபாய் என்று பிழைப்புக்குப் போய், வண்டியை மட்டும் ஊரில் நிறுத்தி வைத்திருக்கும் நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். தனித்தனியாகப் போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு தை மாசமும் அதே பேச்சு. பட்டறைக்காரன் எழுத்து, கிரீஸ் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வீட்டில் டிவிஎஸ் எக்ஸெல் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிட்டார்கள். போயிருந்தேன். பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு ஸ்பிளெண்டர் நின்றது. பையன் வெளிநாட்டில். அவனுடைய அய்யா, எழுபது வயசுக்கு மேல் இருக்கும், பழைய வேட்டித் துணியை நனைத்து டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெனமும் தொடச்சிருவேன். அவன் வந்து பாத்தா புதுசு கணக்கா இருக்கணும்ல" என்றார். உண்மைதான், மூஞ்சி பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்துவந்தார். திறந்ததும் வந்தது பெட்ரோல் வாடை இல்லை. புதுசாக வார்னிஷ் அடித்த கதவின் வாடை. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேல்தகடு முழுக்கத் துரு, செம்மண்ணைக் குழைத்து அப்பின மாதிரி. அடியில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர். பெரியவர் எட்டிப் பார்க்க வந்தார். நான் மூடியைச் சாத்திவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு சரியாக இறங்கவில்லை.

நீங்கள் ஊரிலிருந்து புறப்படும்போது என்ன செய்கிறீர்கள்? கடைசி நாள் வரைக்கும் வண்டியை ஓட்டிவிட்டு, பஸ் ஏறும்போது அரை டேங்கோ கால் டேங்கோ எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அப்படியே சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். "எதுக்குடா வீணா நெறைக்கணும், திரும்பி வர ஆறு மாசம் ஆகுமே" என்று ஒரு சிக்கனம். துரு உண்டாவது அந்தச் சிக்கனத்தில்தான். பெட்ரோல் நனைத்துக்கொண்டிருக்கும் தகட்டை அவ்வளவு சீக்கிரம் துரு தொடாது. பெட்ரோலுக்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்தில்தான் காற்று நிற்கும். காற்றோடு ஈரம் நிற்கும். பகலில் தகடு கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மூச்சுத் துளை வழியாக வெளியேறும். ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். மார்கழிப் பனியில் விடிகாலை வண்டி சீட்டைத் தொட்டுப் பாருங்கள், சொதசொதவென்று இருக்கும். அதே பனி டேங்குக்குள்ளேயும் வேர்க்கும். வேர்த்த தண்ணீர் பெட்ரோலைவிட எடை கூடியது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடப்பக்க மூலையில்தான் தேங்கும். என் பட்டறைக்கு ஓட்டை விழுந்து வந்த டேங்குகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் அந்த இடப்பக்கத்து அடிமூலையில்தான் ஊசி குத்தின மாதிரி பொத்தல்.

"நம்ம ஊரே காஞ்ச ஊரு, இங்க ஏது ஈரம்?" என்று ஒரு தம்பி கேட்டான். கரிசல் காட்டுக் கணக்கு வேறு. ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி எங்கெல்லாம் போய் அடைகிறது என்று உங்களுக்கே தெரியும். டேங்கோடு சமமாகப் படுத்திருக்கும் மூடி உள்ள வண்டிகளில், மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் விழும் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளையும், அதிலிருந்து வண்டிக்கு அடிவரைக்கும் ஒரு மெல்லிய குழாயும் உண்டு. அந்தத் துளை ஆடியில் அடைபடும். மூடியின் ரப்பர் சித்திரை வெயிலிலேயே வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் பள்ளம் நிரம்பி, போக வழி இல்லாமல் தண்ணீர் உள்ளே இறங்கும். மார்கழியில் துரு பூக்கும். தையில் வண்டி என் பட்டறைக்கு வரும். விதைப்பு மாதிரி இதுவும் ஒரு பருவக் கணக்கு.

இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஜூனில் 10 சதவீதக் கலப்பை எட்டியதாக மத்திய அரசு சொன்னது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது. 2030-க்குள் எட்டுவதாக இருந்த அந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டியாகிவிட்டது என்றார்கள். கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் மட்டும் இல்லை, மக்காச்சோளத்திலிருந்தும் அதை எடுக்கிறார்கள். கம்பும் சோளமும் போட்ட காட்டில் மக்காச்சோளம் போட்டு, 2018-இல் வந்த படைப்புழுவோடு மல்லுக்கட்டி, நம் ஆட்கள் விளைய வைக்கிற அதே தானியம். கோழித் தீவனத்துக்குப் போனது போக, இப்போது டேங்குக்குள்ளும் வந்து நிற்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அப்புறம் பெட்ரோல் டேப் வழியாக இன்ஜினுக்குப் போவது அந்தக் கலவைதான். நீங்கள் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் நோவது அதனால்தான்.

ஆனாலும் எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனால் பேச்சே இல்லாத காலத்தில், ஆர்எக்ஸ் 100 டேங்குகளையும் சிடி 100 டேங்குகளையும் இதே கையால் கழுவியிருக்கிறேன். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பை 1996-இல் நிறுத்தியும் அதன் மேல் உங்களுக்கு இருக்கும் பைத்தியம் நிற்கவில்லை. விலை கொடுத்து வாங்கி வருகிறீர்கள். வெளியே குரோமியம் மின்னும், உள்ளே பார்த்தால் துரு செதில் செதிலாகத் தொங்கும். எத்தனால் செய்கிற கூடுதல் வேலை, வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த பழைய பிசினை இளக்கி ஒரே நாளில் ஃபில்டருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது.

பிசின் என்றதும் அதைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நின்றே கிடந்தால் அதில் இருக்கும் லேசான சரக்கெல்லாம் ஆவியாகிவிடும். மீதி காற்றோடு சேர்ந்து வேப்பம் பிசின் மாதிரி கெட்டியாகும். வார்னிஷ் வாடை அதனுடையது. கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட்டின் துளை, தலைமுடி நாலைந்தைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதில் துளி பிசின் போதும், வண்டி ஐடிலில் நிற்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் செலவு. பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது; பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டியில் துரு வந்தால் ஜெட்டைக் கழற்றி ஊதினால் ஆச்சு. இதில் பம்பே போகும், கூடவே இன்ஜெக்டரும்.

சரி, துரு வந்துவிட்டது. எப்படி எடுப்பது? இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, காலையில வேணும்" என்கிறீர்கள். காலையில் கொடுக்க வேண்டும் என்றால் ஒரே வழி, பாத்ரூம் கழுவுகிற ஆசிட். இரண்டு பாட்டிலை ஊற்றிக் குலுக்கினால் கால் மணி நேரத்தில் தகடு வெள்ளி மாதிரி மின்னும். எனக்கும் லாபம், உங்களுக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஆசிட்டுக்குத் துரு எது, இரும்பு எது என்று பேதம் தெரியாது, இரண்டையும் தின்னும். டேங்கின் உள்பக்கம் துரு பிடிக்காமல் இருக்க மெல்லிசாக ஒரு உலோகப் பூச்சு கொடுத்திருப்பார்கள், அதையும் சேர்த்துத் தின்னும். கழுவிக் கவிழ்த்து வைத்த டேங்கில், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்திருக்கும். அடுத்த பொங்கலுக்கு முன்னைவிட மோசம். ஒரு தம்பி வெளியூரில் எங்கேயோ கொடுத்து இப்படிச் செய்து கொண்டுவந்தான். அவன் டேங்கைச் சூரியனுக்கு நேரே பிடித்தேன். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் மாதிரி பொத்தல்.

முறையாகச் செய்தால் மூன்று நாள் ஆகும். எங்கே போகிறது அந்த மூன்று நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் டேங்கைக் கழற்றுவது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டை எடுத்து, டேப்பை மூடிக் குழாயை உருவி, பின்பக்கமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி சர்பத் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைப்பேன். அதைப் பார்க்க நீங்கள் கூட இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மேலே பழுப்பேறின பெட்ரோல். அதன்கீழ் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கலங்கின தண்ணீர். அதற்கும் கீழே ராகி மாவு மாதிரி துரு மெதுவாக வந்து படியும். அந்தப் பெட்ரோலை ஓடையிலோ ஊருணிக் கரையிலோ ஊற்ற நான் விடுவதில்லை. ஊற்றின இடத்தில் ஆட்டுக்குப் புல் முளைக்காது.

டேப், மீட்டர் ஃப்ளோட், மூடி எல்லாவற்றையும் கழற்றினதும் பிசினை எடுக்க வேண்டும். சீமெண்ணெய் ஊற்றிக் குலுக்கினால் பிசின் இளகும், துரு இளகாது. நிறையப் பேர் இதோடு முடித்துவிட்டுக் காசு வாங்கிவிடுகிறார்கள். எண்ணெய்ப் பசை போகச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் அலச வேண்டும். பசை இருந்தால் அடுத்து ஊற்றுகிற மருந்து துருவைத் தொடவே தொடாது. அப்புறம் நட்டு. கூர் மழுங்கின பழைய நட்டுகளாக எண்ணிப் போட்டு, தண்ணீரும் கொஞ்சம் விட்டு, டேங்கைப் பழைய சேலையில் சுற்றிக் குலுக்குவது. 40 போட்டால் 40 வெளியே வர வேண்டும். சல்லிக் கல், ஆணி, ஸ்க்ரூ போடுகிறவன் தொழில் தெரியாதவன்; அது மூலையில் மாட்டிக்கொண்டால் ஆயுளுக்கும் டேங்க் சலங்கை கட்டி ஆடும். பழைய சைக்கிள் செயினைக் கட்டுக் கம்பியில் கோத்துப் போட்டால் இழுத்து எடுக்க வசதி. தோள்பட்டை கழன்றுபோகிற வேலை இது. ஒருமுறை டேங்கைச் சாக்கில் மூட்டை கட்டி, சொந்தக்காரர் டிராக்டரின் பின்சக்கரத்தில் கட்டிவிட்டு, காட்டுக்கும் வீட்டுக்கும் இரண்டு நடை போகச் சொன்னேன். உள்ளே அருமையாகச் சுத்தமானது. வெளியே நாலு இடத்தில் நெளிந்துபோய், பெயின்ட் செலவை நான் கொடுத்தேன்.

நட்டுக்கு உதிராத துருவுக்குத்தான் புளிப்பு. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அதே சங்கதி. தொழில் படித்த புதிதில், அம்மா குடம் விளக்குவதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு டேங்கில் புளியைக் கரைத்து ஊற்றி நாலு நாள் வைத்தேன். துரு கொஞ்சம் போனது. ஆனால் சக்கை மூலை முடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு, ஒரு மாசம் வரைக்கும் டேப்பில் புளிச்சக்கை வந்தது. வண்டிக்காரர் என்னைப் "புளிக்கொழம்பு மெக்கானிக்" என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது பலசரக்குக் கடையில் கிடைக்கிற எலுமிச்சை உப்புதான் போடுகிறேன், அதாவது சிட்ரிக் ஆசிட். லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம். பத்து லிட்டர் டேங்க் என்றால் பத்து லிட்டரும் கழுத்துவரை நிற்க வேண்டும். மேல்தகட்டில்தான் துரு கூடுதல் என்று முன்னாலேயே சொன்னேன். டேப் ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்து, மூடியைச் சுற்றிப் பெயின்ட் மேல் கிரீஸ் தடவி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். தண்ணீர் முதலில் பொன் நிறமாகி அப்புறம் பச்சையாகக் கறுக்கும். பாத்ரூம் ஆசிட் மாதிரி மூக்கை எரிக்காது. தகட்டையும் அப்படித் தின்னாது, ஆனாலும் நாள்கணக்கில் மறந்து போட்டுவிடக் கூடாது.

செல்போனில் பார்த்துவிட்டு, பேட்டரி சார்ஜர் வைத்து கரண்ட் விட்டுத் துரு எடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. எடுக்கலாம், நல்ல முறைதான். சலவைச் சோடாத் தண்ணீர் ஊற்றி, டேங்குக்கு மைனஸ், உள்ளே தொங்கும் இரும்புக் கம்பிக்குப் பிளஸ். கம்பி தகட்டில் உரசக் கூடாது. எவர்சில்வர் கம்பி வேண்டாம், அதிலிருந்து விஷம் கரையும். சாப்பாட்டு உப்பும் வேண்டாம். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் வெட்டவெளியில் வைத்துச் செய்ய வேண்டும். என் பட்டறையில் கரண்ட் இருக்கும் நேரத்துக்கு எனக்கு எலுமிச்சை உப்பே போதும்.

பிறகு அலசுவது. இங்கேதான் நம்ம ஊர்த் தண்ணீர் காலை வாரும். போர்த் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் துருவுக்கு நாமே விதை போட்ட மாதிரி. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது, இல்லாவிட்டால் காசு கொடுத்துக் கேன் தண்ணீர். மூன்று கேன் ஆகும். அதற்குத் தனியாகக் காசு கேட்டால், "தண்ணிக்குமா அண்ணாச்சி?" என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள். முதல் அலசலில் ஆப்பச் சோடா கரைத்து மீதிப் புளிப்பை முறிக்க வேண்டும், அடுத்தது நல்ல தண்ணீர். உடனே கம்ப்ரசர் காற்று, அதோடு வெயில். காய்ந்த அந்த நிமிஷமே பெட்ரோலில் டூ டி ஆயில் கலந்து ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி உருட்ட வேண்டும். இந்தக் கடைசி அரை மணி நேரம் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வரும். முறைத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. சுத்தம் செய்ததும் சில டேங்க் ஒழுகும். "நீங்க கை வச்சதும்தான் ஒழுகுது" என்று சண்டைக்கு வராதீர்கள். ஓட்டை முன்பே இருந்தது. அதைத் துருதான் அடைத்துக்கொண்டிருந்தது. சோப்பைத் தேய்த்து அடைத்தால் வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான். பற்றவைக்கக் கொடுத்தாக வேண்டும். வெல்டிங்குக்கு நீங்களாகக் கொண்டுபோகாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் பயப்பட வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். ஊற்றிக் கவிழ்த்த டேங்கில் அந்த அளவு ஆவி சாதாரணமாக நிற்கும். விவரம் தெரிந்த வெல்டர் நன்றாகக் கழுவி, பற்றவைக்கிற இடம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரித் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுவருவார். உங்களில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் வளர்ந்தவர்கள், நெருப்பைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் டேங்கைக் கழற்றுகிற இடத்தில் பீடியோடு வந்து நிற்பதும் நீங்கள்தான்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால், புறப்படுகிற அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று மாசத்துக்குள் திரும்புவீர்கள் என்றால் பங்குக்குப் போய் டேங்கை நிரப்புங்கள். வெயிலுக்குப் பெட்ரோல் விரியும், கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விடுங்கள். பெட்டிக்கடைப் பாட்டில் பெட்ரோல் வேண்டாம், பாட்டிலைக் கழுவின தண்ணீர் அதில் நிற்கும். டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டுக் கார்பரேட்டரைக் காலி செய்யுங்கள். மூடிப் பள்ளத்துத் துளையில் ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அடுப்படிச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். வருஷக்கணக்கில் போகிறவர்கள் முந்தின நாளே என்னிடம் கொண்டுவாருங்கள். சுத்தமாக வடித்துவிட்டு, உள்ளே எண்ணெய் உருட்டி அனுப்புகிறேன். அதற்குக் கூலி அதிகம் இல்லை. வரும்போது ஒரு வாரம் முன்னால் போன் போடுங்கள், நானே வந்து டேங்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறேன். அய்யாவை வண்டி தள்ள விடாதீர்கள்.

அந்த ஸ்பிளெண்டர் டேங்கைப் போன வாரம் போய் எடுத்துவந்தேன். "சும்மா சர்வீஸ்தான் அய்யா" என்று சொல்லித்தான் கழற்றினேன். அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் பட்டறைக்கு வந்து, பெஞ்சு மேல் இருக்கும் டேங்கை வேட்டித் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். நேற்று குலுக்கி முடித்துக் கொட்டி எண்ணினால் நட்டு 39தான் இருந்தது. மீதி ஒன்று எந்த மூலையில் கிடக்கிறதோ, நானும் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்து அலுத்துவிட்டேன். பெரியவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, டேங்கைக் காதோடு சேர்த்துப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார்.  கண்ணை மூடிக்கொண்டு, "கெடக்கு, கெடக்கு. டேப்பு ஓட்டைக்கு அந்தாண்ட கெடக்கு" என்றார்.

இப்படிக்கு,
நாகலாபுரம் பட்டறையிலிருந்து உங்கள் அண்ணாச்சி